பொன்னாடை வேண்டாம், ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்

எங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழா ஒருங்கிணைப்புக் குழுவினருக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும்,

இந்த ஆண்டுத் திருவிழாவின் அழைப்பிதழ் எங்கள் கிளை நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. நிகழ்ச்சி நிரலை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். மாலை 6 மணிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டிமன்றம். இடைப்பட்ட நாட்களில் தொலைக்காட்சிப் பேச்சாளர்களின் சிந்தனை உரை, நகைச்சுவை உரை, மெல்லிசை. போன வருடம்வரை பிற்பகலில் நடந்துவந்த எழுத்தாளர் சந்திப்பு எங்கேயும் இல்லை. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “அதுக்குக் கூட்டம் வர்றதில்லைங்க. இந்த வருசம் எடுத்தாச்சு. எழுத்தாளர்களை மாலை மேடையிலயே கௌரவிச்சிடுறோம்” என்றார் பேசியவர். அந்தக் கௌரவம் என்னவென்று நிரலிலேயே அச்சாகியிருக்கிறது: 5.45 முதல் 6 மணிவரை நான்கு எழுத்தாளர்களுக்குப் பொன்னாடை அணிவித்தல்.

புத்தகத்தின் பெயரால் நடக்கிற திருவிழாவில், புத்தகத்தை எழுதியவர் மேடையேறி, போர்த்திக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டும். பேசக்கூடாது. இதை மனுவாக எழுதிக் கொடுத்தால் தபால் எண் போட்டு ஒரு கோப்புக்குள் போய்விடும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் மருந்துக்கடை நடத்துகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்தில் கூடும் வாசகர் வட்டத்தை ஒருங்கிணைக்கிறவர்களில் ஒருத்தி. தறி ஓட்டுகிறவர்கள், ஓய்வுபெற்ற நடத்துநர், அங்கன்வாடி ஊழியர், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான வட்டம் எங்களுடையது. உங்கள் எழுத்தாளர் சந்திப்பில் முன்வரிசை நாற்காலிகளில் வருடாவருடம் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் நாங்கள்தான். அது எப்படித் தேய்ந்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறோம். ஆகவே, கூட்டம் வராததால் எடுத்துவிட்டோம் என்ற பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை.

போன வருடம் ஒரு நாவலாசிரியர் வந்திருந்தார். அவருடைய நாவல் ஒரு விசைத்தறி ஊரில் நடப்பது. அவர் வருகிறார் என்று தெரிந்ததுமே நாங்கள் தயாராக ஆரம்பித்தோம். நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. கைக்காசு போட்டு இன்னும் சில பிரதிகள் வாங்கி, கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். எங்கள் வட்டத்தில் ஓர் அம்மா பாவு பிணைக்கிற வேலை செய்கிறவர். தறியில் பாவு, அதாவது நெடுக்காக ஓடும் நூல்வரிசை, தீரும்போது பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகச் சேர்த்து முறுக்குகிற வேலை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்க வேண்டும். அவரும் அந்த நாவலைப் படித்து முடித்துவிட்டு, அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். மைக் கைக்கு வந்ததும் கேட்டார்:

“உங்க கதையில பாவு பிணைக்கிற பொண்ணு பாட்டுப் பாடிக்கிட்டே பிணைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு தறி நின்னாலும் மத்த தறியெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்க கூப்பிட்டாலே கேக்காது. அந்தப் பாட்டு யாருக்குக் கேட்டுச்சு?”

கொட்டகையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசிரியர் சிரித்து மழுப்பவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், “யாருக்கும் கேக்காதுங்கிறதாலதான் அவ பாடுறான்னு இப்ப சொல்லிடலாம். ஆனா எழுதும்போது நான் அப்படி நினைச்சேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. எங்க அம்மா…” என்று ஆரம்பித்தார். அதற்குள் மேடைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்து துண்டுச்சீட்டை நீட்டினார். சிறப்பு விருந்தினரின் கார் ஊருக்குள் நுழைந்துவிட்டதாம். தொகுப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். ஆசிரியரின் தோளில் பொன்னாடை விழுந்தது, கையில் நினைவுப் பரிசு வந்தது, போட்டோ எடுத்தாயிற்று. பதில் “எங்க அம்மா” என்ற இடத்தோடு நின்றது. இதில் வேடிக்கை, சிறப்பு விருந்தினர் மேடைக்கு வர அதன்பிறகும் வெகுநேரம் ஆனது. அதுவரை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பதில் என்னவென்று இன்றுவரை எங்கள் வட்டத்தில் யாருக்கும் தெரியாது. அந்த அம்மா இப்போதும் வாசகர் வட்டத்துக்கு வருகிறார். திருவிழாவுக்கு வரமாட்டேன் என்கிறார். “நம்ம பேச்சு அங்க எதுக்குங்க” என்கிறார். இதற்கு நான் என்ன சமாதானம் சொல்வது?

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. பெரிய இதழ்களில் வந்த மதிப்புரைகளையும் தேடிப் படித்திருக்கிறோம். அவற்றில் யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை. தொட்டிருக்கவும் முடியாது. தறிச் சத்தத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குத்தான் அந்த வரி உறுத்தும். மேடைப் பேச்சில், பேச்சாளர் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த ஊரிலும் அதையே சொல்வார். இப்படியொரு கேள்வி வரும்போதுதான், எழுதியவரே அதுவரை யோசிக்காத ஒன்றை எல்லோர் முன்னாலும் யோசிக்க வேண்டியதாகிறது. புத்தகத்தை வாங்கி வீட்டில் படித்தால் போதாதா, ஆசிரியரிடம் என்ன பேச்சு என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு என் பதில் இதுதான்.

இனி, கூட்டம். எழுத்தாளர் சந்திப்பை நீங்கள் வைத்தது வேலைநாட்களில் பிற்பகல் 3 மணிக்கு. அந்த நேரத்தில் தறிக்காரர்கள் தறியில் இருப்பார்கள், பிள்ளைகள் வகுப்பில், கடைக்காரர்கள் கடையில். இடம், தகரக் கூரை போட்ட பந்தலின் ஓரத்தில் நாற்காலி போட்ட தடுப்பு. இரண்டு ஃபேன், இரண்டும் மேடையைப் பார்த்து. மாலைப் பேச்சாளரின் படம் பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் பேனராக நிற்கும், உள்ளூர் கேபிளில் ஓடும். எழுத்தாளரின் பெயர் அழைப்பிதழில் மட்டும், அதுவும் சில வருடங்களில் இனிஷியல் தப்பாக. இவ்வளவையும் செய்துவிட்டு, ஆள் வரவில்லை என்கிறீர்கள்.

எனக்குப் பட்டிமன்றத்தின் மேல் கோபம் இல்லை. நானும் போய் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வருகிறவள்தான். ஆனால் ஆறரை மணிக்கு அரங்கம் நிரம்பி வழியும்போது, புத்தகக் கடைகளின் நடைபாதையில் ஒருதரம் நடந்து பாருங்கள். பதிப்பகத்துப் பையன்கள் போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பட்டிமன்றம் முடிந்ததும் கூட்டம் பார்க்கிங்கைப் பார்த்துத்தான் நடக்கும். அன்று அந்தத் தறி நாவல் பற்றிய பேச்சு பாதியில் நின்ற பிறகும், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் நேரே அந்தப் பதிப்பகத்தின் கடைக்குப் போனார்கள். இருந்த பிரதிகள் தீர்ந்துபோய், கடைக்காரர் எங்களிடமே போன் நம்பர் வாங்கி வைத்துக்கொண்டார். பத்து சதவீதத் தள்ளுபடி செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்தது.

கேரளத்தில் கோழிக்கோடு கடற்கரையில் 2016 முதல் இலக்கிய விழா நடக்கிறது. அங்கே பெரும்பகுதி உரையாடல்தான். எழுத்தாளரும் இன்னொருவரும் உட்கார்ந்து பேசுவார்கள், கேட்பவர்கள் கேள்வி கேட்பார்கள். மணலில் நின்றுகொண்டு கேட்கிற அளவுக்குக் கூட்டம் சேர்கிறது. சரி, அது வேறு மாநிலம் என்பீர்கள். கோயம்புத்தூரில் ஒரு வாசகர் அமைப்பு டிசம்பரில் நடத்துகிற விருது விழாவில், எழுத்தாளர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து வாசகர்கள் கேள்வி கேட்கிற அமர்வுகள் நடக்கின்றன. வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்து கேட்கிறார்கள். அரசு சார்பில்கூட இது புதிதில்லை. 2022 நவம்பரில் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. தொடர்ந்து வைகை, காவிரி, சிறுவாணி பெயர்களிலும் நடந்தன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ‘பொன்மாலைப் பொழுது’ என்று எழுத்தாளர்களை அழைத்துப் பேசவைக்கிற நிகழ்ச்சி இருக்கிறது. உங்கள் துறையே மற்ற ஊர்களில் செய்கிற காரியத்தைத்தான் எங்கள் ஊரில் வேண்டாம் என்கிறீர்கள்.

அடுத்தது, பேட்டி எடுக்க நீங்கள் அனுப்பியவர்கள். இதைச் சொல்லாமல் விடமுடியாது. பெரும்பாலான வருடங்களில் மேடையில் ஆசிரியருக்கு எதிரே உட்கார்ந்தவர் புத்தகத்தைத் திறந்திருக்கவே இல்லை. நிகழ்ச்சிக்குச் சற்று முன்னால் ஒருவர் அட்டையைத் திருப்பிப் பின்னட்டைக் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு வரும் கேள்விகள் எங்களுக்கு மனப்பாடம். எழுத்தில் ஆர்வம் எப்படி வந்தது? உங்களைக் கவர்ந்த எழுத்தாளர் யார்? இன்றைய இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? இந்தக் கேள்விகளை எந்த ஊரில் எந்த எழுத்தாளரிடமும் கேட்கலாம், புத்தகமே எழுதாதவரிடமும் கேட்கலாம். ஒரு கவிஞரிடம் அவருடைய நாவல்களைப் பற்றிக் கேட்ட கதையும் நடந்தது. அவர் பாவம், இனிமேல்தான் எழுதவேண்டும் என்று சொல்லிச் சமாளித்தார்.

எழுத்தாளர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. கேள்விக்கு இடமே தராமல், வாங்கிய விருதுகளை வரிசையாகச் சொல்லி நேரத்தை முழுதும் விழுங்கிய ஒருவரையும் அங்கே சகித்திருக்கிறோம். எதிரே இருப்பவர் படித்துவிட்டு வந்தவராக இருந்தால் அவரை நிறுத்தியிருப்பார்.

படித்துவிட்டுக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்து 1991 முதல் 1995 வரை நடத்திய ‘சுபமங்களா’ இதழில் வந்த நீண்ட நேர்காணல்கள் பின்னால் தொகுப்பு நூலாகவும் வந்தன. தமிழில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் என்ன நினைத்தார்கள், எதில் சண்டைபோட்டார்கள் என்று தெரிந்துகொள்ள இன்றும் எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கங்களுக்குத்தான் போகிறார்கள். ‘பாரிஸ் ரிவ்யூ’ என்ற ஆங்கில இலக்கிய இதழ், 1953-இல் வெளியான தன் முதல் இதழுக்காக நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டரைப் பேட்டி கண்டது. பேட்டியின்போது அவருக்கு 73 வயது. கடைசி நாவல் வெளியாகிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பேட்டி கண்டவர்கள் விருதையும் புகழையும் கேட்கவில்லை. பாதியில் விட்ட நாவலை ஏன் முடிக்கவில்லை என்று கேட்டார்கள். அவரும் எங்கே முட்டிக்கொண்டது என்று நேராகச் சொன்னார். பிபிசி உலகச் சேவையில் 2002 முதல் ‘வேர்ல்டு புக் கிளப்’ நடக்கிறது. மாதம் ஓர் எழுத்தாளர், அவருடைய ஒரே ஒரு புத்தகம். கேள்வி கேட்பவர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்த வாசகர்கள். இதற்கு என்ன செலவு? ஒரு மைக், சில நாற்காலிகள், முன்கூட்டியே படித்த ஆட்கள். மூன்றாவது எங்களிடம் இருக்கிறது. முதல் இரண்டும் உங்களிடம் இருக்கிறது.

உங்கள் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் வந்தது. மாவட்ட நூலக ஆணைக்குழு என்ற அமைப்பு அந்தச் சட்டத்தில் பிறந்தது. நான் கடைக்கும் வீட்டுக்கும் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. திருவிழாச் செலவு முழுக்க அந்தக் காசில் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் வரி வாங்குகிற அமைப்பு மேடையைப் பங்குபோடும்போது, வாசகருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். ஆகஸ்ட் 12-ஆம் தேதி அவர் படத்துக்கு மாலை போட்டு நூலகர் நாள் கொண்டாடுகிறோம். தறி நாவலும் பாவு பிணைக்கிற அம்மாவும் ஒரே பந்தலில் சந்தித்தபோது ரங்கநாதன் சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் துண்டுச்சீட்டுக் கொடுத்து நிறுத்தினீர்கள்.

பணத்தையும் பேசிவிடுகிறேன். மாலைப் பேச்சாளருக்குக் கார், தங்கும் விடுதி, சன்மானம் எல்லாம் முறையாக நடக்கிறது, நடக்கட்டும். எழுத்தாளர் பேருந்தில் வந்து இறங்குவார். போகும்போது ஒரு கவர், அதில் போக்குவரத்துச் செலவுக்குக் காணுமோ காணாதோ. ஒரு பெண் எழுத்தாளர் ராத்திரி பஸ் பிடிக்க, எங்கள் வட்டத்து நடத்துநர் தன் மொபெட்டில் கொண்டுபோய் விட்டுவந்தார். பொன்னாடைக்குச் செலவழிப்பதைப் பயணத்துக்குக் கொடுத்திருந்தால் அவருக்கு உபயோகமாகவாவது இருந்திருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று தெரியும். அதனால் இந்த ஆண்டு பெரிதாகக் கேட்கவில்லை. திருவிழா நடக்கும் நாட்களில் வருகிற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை 11 மணிக்கு, மாவட்ட மைய நூலகத்தின் கூட்ட அறையில், ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பொன்னாடைக்காக நீங்கள் அழைத்திருக்கிற நான்கு பேரில் இருவர் ஒப்புக்கொண்டாலே போதும். பேச நாங்கள் படித்துவிட்டு வருகிறோம். போன வருடம் பாதியில் இறக்கப்பட்ட ஆசிரியரிடம் குழுவின் சார்பில் ஒரு வருத்தக் கடிதம் எழுதி, அவரையும் மறுபடி அழையுங்கள்.

அடுத்த ஆண்டிலிருந்து எழுத்தாளர் சந்திப்பு நிரலுக்குள் திரும்ப வரவேண்டும். சனி, ஞாயிறு மாலைகளில், பிரதான மேடையில். பேசப்போகிற புத்தகம் எது என்பதை இரண்டு மாதங்களுக்கு முன்பே அறிவித்து, கிளை நூலகங்களுக்குப் போதுமான பிரதிகள் வாங்கி அனுப்புங்கள். உரையாடலை நடத்துபவரை அவர் வகிக்கும் பதவி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் புத்தகத்தைப் படித்தவரா என்று மட்டும் பாருங்கள். வாசகர் வட்டங்களிடம் கேட்டால் ஆள் தருவோம். நேரத்தில் பாதி கேட்பவர்களுக்கு. யார் கார் வந்தாலும், அது அமைச்சர் காராகவே இருந்தாலும், அமர்வை நடுவில் நிறுத்தக்கூடாது என்று குழுவில் தீர்மானம் போடுங்கள். சன்மானமும் பயணச் செலவும் மாலைப் பேச்சாளருக்கு எந்த முறைப்படியோ அதே முறைப்படி எழுத்தாளருக்கும் கொடுக்கப்பட வேண்டும்.

இன்னொன்று, பதிவு. பட்டிமன்றம் முடிந்த மறுநாளே யூடியூபில் இருக்கிறது. இத்தனை வருடம் எங்கள் ஊருக்கு வந்து பேசிய எழுத்தாளர்களில் ஒருவரின் குரல்கூட உங்களிடம் இல்லை. அவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. இனி நடக்கும் உரையாடல்களை ஆசிரியரின் சம்மதத்தோடு பதிவுசெய்து, ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் யாரும் கேட்கும்படி வையுங்கள். நல்ல கேமரா வேண்டாம், ஒலி தெளிவாக இருந்தால் போதும். எழுத்தாக்கும் வேலையை எங்கள் வட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகள் செய்துதரத் தயாராக இருக்கிறார்கள்.

உங்கள் அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு வாசகர் வட்டங்களின் சார்பில் ஒருவரை அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அமர்வுகளைப் பற்றிய முடிவைத் திருவிழா தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவியுங்கள். நாங்கள் புத்தகங்களைத் தேடி வாங்கிப் படிக்க அந்த அவகாசம் வேண்டும். பதிலைக் கிளை நூலக முகவரிக்கே அனுப்பலாம்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி